வெளிர் மரத்தின் நிறம் மாறாமல் இருக்க என்ன பூசலாம்?

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ஒரு ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகளுக்குப் பால் தந்துவிட்டு வெட்டுக்குப் போகிறது. ஒரு காலத்தில் அடுப்பெரிக்கத்தான் அந்தக் கட்டை. இன்று அதற்குப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தி, சிறு துண்டுகளாக அறுத்துக் கோத்து ஒட்டிய பலகையாக மரக்கடைக்குக் கொண்டுவருகிறார்கள். கடையில் பார்க்கும்போது நல்ல தந்த நிறம், அங்கங்கே இலேசான இளஞ்சிவப்பு. அந்த நிறத்துக்காகவே ஒருவர் வாங்கி, மேசை செய்து, பாலிஷும் போட்டு முடிக்கிறார். மேசை மஞ்சளாக நிற்கிறது. “இந்த நிறத்தையா வாங்கினேன்?” என்று கேட்கிறார்.

ஆஷ், பீச், மேப்பிள் என்று கப்பலில் வந்திறங்கும் வெளிர் மரங்களை வாங்குகிறவர்களுக்கும் இதே ஏமாற்றம்தான். நம் ஊர்ப் பாலிஷ் வழக்கங்கள் தேக்கு, ஈட்டி, பலா ஆகிய மரங்களைச் சுற்றி வளர்ந்தவை. அவற்றில் பூச்சு கொஞ்சம் மஞ்சளைக் கூட்டினால் மரத்துக்குக் களை வந்துவிட்டது என்போம். வெளிர் மரத்தில் அதே மஞ்சள் பழைய கறைபோலத் தெரியும்.

நிறம் மாறுவதற்குக் காரணம் ஒன்றல்ல. மூன்று மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. பூச்சுப் பட்டவுடன் மரம் நனைந்ததுபோல் கருப்பது முதலாவது. பூச்சுக்கே உள்ள நிறம், அது நாளாக ஆக மஞ்சளிப்பது, இரண்டாவது. பூச்சுக்கு அடியில் மரமே வெளிச்சத்தில் மாறுவது மூன்றாவது. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. “இது மஞ்சளாகாது சார்” என்று கடைக்காரர் சொல்லும்போது இரண்டாவதைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார். அது பொய்யில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்குதான்.

ஈரம் பட்ட நிறம்

இழைத்து உப்புத்தாள் தேய்த்த ஒரு ரப்பர் மரத்துண்டின் பாதியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். காய்ந்த பாதி வெளுத்தே இருக்கும். நனைந்த பாதி அக்கணமே ஒரு படி பழுப்புக்கு இறங்கும். நாரோட்டத்தோடு ஓடும் நுண்துளைகள் மெல்லிய பழுப்புக் கோடுகளாகத் துலங்கும். காய்ந்திருந்தபோது ஒரே நிறமாகத் தோன்றிய துண்டுகளுக்குள் எது இளஞ்சிவப்பு, எது மஞ்சள் என்ற வேறுபாடும் அப்போதுதான் வெளிப்படும். சற்று நேரத்தில் நீர் காய்ந்ததும் எல்லாம் பழையபடி மறைந்துவிடும்.

நீருக்கு நிறம் கிடையாது. ஆனாலும் மரம் கருத்தது. உலர்ந்த மரத்தின் மேற்பரப்பில் அறுபட்ட நார்களுக்கு நடுவே காற்று நிரம்பியிருக்கிறது. ஒளி காற்றிலிருந்து நாருக்கும் நாரிலிருந்து காற்றுக்கும் மாறி மாறி நுழையும்போது ஒவ்வோர் எல்லையிலும் சிதறுகிறது. அப்படிச் சிதறித் திரும்பும் ஒளியைத்தான் வெளுப்பாகப் பார்க்கிறோம். காற்றின் ஒளிவிலகல் எண் 1, மரநாரினுடையது ஏறத்தாழ 1.5, நீருடையது 1.33. காற்றிருந்த இடத்தில் நீர் புகுந்தால் இடைவெளி குறைகிறது, சிதறலும் குறைகிறது. ஒளி மரத்துக்குள் ஆழமாகச் சென்று அதன் சொந்த நிறத்தை ஏற்றுக்கொண்டு திரும்புகிறது. வெள்ளை வேட்டியில் தண்ணீர் பட்ட இடம் கருத்துத் தெரிவதும் இதே கணக்கால்தான்.

எண்ணெய், வார்னிஷ், பியு (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பிசின் பூச்சு) எல்லாவற்றின் எண்ணும் 1.5-ஐ ஒட்டியே வரும். ஆகவே நீர் காட்டியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே அவை மரத்தைக் கருக்கும். காய்ந்த பிறகும் அந்த நிறம் அப்படியே நிற்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் எண்ணளவில் நீரைவிடப் பூச்சுக்கு நெருக்கமானது. அதைத் தொட்டுத் துடைத்தால் மரம் எந்த நிறத்துக்கு வரும் என்பதைச் செலவில்லாமல் முன்கூட்டியே பார்க்கலாம். நெருப்புக்கும் அடுப்புக்கும் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் துடைக்க வேண்டும். ஆவியாகிப் போய்விடும், மரத்துக்குக் கெடுதல் இல்லை.

மரத்துளைக்குள் இறங்கி நனைக்கிற எந்தப் பூச்சும் இந்த அளவாவது கருக்காமல் விடாது. உலகத்திலேயே தெளிவான பூச்சானாலும் இதற்கு விலக்கில்லை. ஆகவே பூச்சு வாங்கப் போகும் முன் இந்த நனைந்த நிறம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்திருந்தால் மீதி வேலை எளிது. பிடிக்கவில்லையென்றால் வழி வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

டப்பாவுக்குள் இருக்கும் மஞ்சள்

ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் பூச்சுகளை வகைக்கொரு சொட்டாக விட்டு வரிசையாகப் பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் பொன்மஞ்சள். எண்ணெய் வார்னிஷ் அதைவிட அழுத்தம். சாதாரண அரக்குக் கரைசல் செம்பழுப்பு. மேல்பூச்சுக்கு முன் அடியில் பூச மரக்கடையில் தரும் சீலர் இலேசான மஞ்சள். நீர் சார்ந்த பியு மட்டும் வெள்ளையாகக் கலங்கியிருக்கும். முதல் தடவை வாங்குகிறவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, வெள்ளைப் பெயின்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்குத் திரும்பி ஓடுவதுண்டு. பிசின் துளிகள் நீரில் மிதப்பதால் ஒளி சிதறி வரும் வெண்மை அது. நீர் வற்றித் துளிகள் ஒன்றோடொன்று இழைந்ததும் வெண்மை மறைந்து, தட்டின் வெள்ளை அப்படியே தெரியும். கலங்கலாக இருந்ததுதான் கடைசியில் மிகத் தெளிவாக நிற்கிறது.

எண்ணெய் வகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் “இயற்கையான நிறம் வேண்டும்” என்று கேட்பவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்வது எண்ணெய்தான். ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து கெட்டிப்படுவது அதிலுள்ள லினோலெனிக் அமிலத்தால். மொத்த எண்ணெயில் பாதிக்கு மேலும் அது இருப்பதுண்டு. அந்த அமிலமே காலப்போக்கில் மஞ்சளுக்கும் காரணமாகிறது. விரைவாக உலரும் எண்ணெய் கூடுதலாக மஞ்சளிப்பது இதனால்தான். ஓவியர்களுக்கு இது நெடுநாளாகத் தெரியும். வெள்ளை வண்ணத்தை அரைக்க ஆளிவிதை எண்ணெயை விட்டுவிட்டு, கசகசா எண்ணெயையோ குசும்பா எண்ணெயையோ எடுப்பார்கள். அவை உலரத் தாமதமானாலும் மஞ்சளிப்பது குறைவு. இன்னொரு விசித்திரம், ஆளிவிதை எண்ணெய்ப் படலம் இருட்டில்தான் அதிகம் மஞ்சளாகும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் ஓரளவு தெளியும். அலமாரியின் உட்புறத்துக்கும் இழுப்பறைக்கும் அதைத் தொடவே கூடாது.

சமையலறையில் இருக்கும் எண்ணெயைத் தேய்த்தால் என்ன என்றும் கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் ஒருநாளும் உலராது. நல்லெண்ணெய் அரைகுறையாகப் பிசுபிசுத்து நிற்கும். இரண்டும் தூசியைப் பிடித்துக்கொண்டு, காறிப்போன வாடையும் வீசும். முந்திரிக்கொட்டை எண்ணெய் உத்தரத்துக்கும் தூணுக்கும் அருமையான காப்பு. ஆனால் மரத்தைக் கரியாக்கிவிடும்.

வார்னிஷ் என்பது உலரும் எண்ணெயையும் பிசினையும் சேர்த்துச் செய்வது. ஆகவே எண்ணெயின் மஞ்சள் அதிலும் உண்டு. ஒரு பொருள் பியு என்று பெயர் தாங்கி, தூரிகையால் பூசி, டர்பன்டைனில் கழுவும் வகையாக இருந்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான். உறுதியில் குறையில்லை, நிறத்தில்தான் நமக்கு ஆகாது.

அரக்கின் கதை சுவையானது. பூச்சி சுரக்கும் இந்தப் பிசினை வெளுக்க வைத்தும் விற்கிறார்கள். வெளுத்த அரக்கு ஏறத்தாழ நிறமற்றது, வெளிர் மரத்தில் அழகாக நிற்கும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகள் நம் ஊர் வெட்பாலை மரத்தில் கடைந்தவை. சாயம் கலந்த அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்த, அந்த உராய்வுச் சூட்டில் உருகி ஒட்டும். மரம் வெள்ளையாக இருப்பதால்தான் அந்த மஞ்சளும் பச்சையும் சிவப்பும் அவ்வளவு துலக்கமாக இருக்கின்றன. ஆனால் சாப்பாட்டு மேசைக்கு அரக்கு வேண்டாம். சூடான பாத்திரம் வைத்தால் வெண்வளையம் விழும். ஸ்பிரிட் பட்டால் கரையும். வெளுத்த அரக்கு நெடுநாள் இருப்பில் இருந்தால் சரியாகக் கரையாமலும் உலராமலும் போகும் என்பதால் வாங்கும்போது தேதியையும் பார்க்க வேண்டும்.

இனி கடைகளில் அதிகம் புழங்குபவை. நைட்ரோ செல்லுலோஸ் லேக்கர், அதாவது தின்னர் ஆவியாகி உலரும் பூச்சு, முதலில் தெளிவாக இருந்து, சில ஆண்டுகளில் மஞ்சளிக்கும். பழைய கிடார்களின் வெள்ளை வண்ணம் பழுப்பேறியிருப்பது இதனால்தான். மெலமைன் பிசின் பூச்சும் வெளிர் மரத்துக்கு நம்பத்தக்கதல்ல, காலப்போக்கில் மஞ்சளிக்கும். இரண்டு டப்பாக்களைக் கலந்து தெளிக்கும் பியுவில் விஷயம் முழுக்க இரண்டாவது டப்பாவில், அதாவது பூச்சைக் கெட்டிப்படுத்தும் ஹார்டனரில் இருக்கிறது. ஹார்டனர் அரோமேட்டிக் வகையானால் வெளிச்சத்தில் மஞ்சளாகும்; அலிபேட்டிக் வகையானால் ஆகாது. முதலாவது விலை மலிவு என்பதால் கேட்காவிட்டால் அதுவே வந்து சேர வாய்ப்பு அதிகம். “மஞ்சளாகாத, அலிபேட்டிக் ஹார்டனர்” என்று வாய்விட்டுக் கேட்டு, தயாரிப்பாளரின் விவரத்தாளில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளால் இந்தப் பூச்சைத் தெளிப்பது மூச்சுக்கு ஆபத்து. அதற்கான முகக்கவசமும் தனி இடமும் உள்ளவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

வீட்டில் தானே பூச நினைக்கும் புதியவருக்கு என் பரிந்துரை, நீர் சார்ந்த பியு அல்லது அக்ரிலிக், அதிலும் பளபளக்காத மேட் வகை. வால்நட் போன்ற கருமரத்தில் இது சோகை பிடித்ததுபோல் தெரியும் என்று மரவேலைக்காரர்கள் குறை சொல்வார்கள். கருமரத்துக்கு அது உண்மைதான். வெளிர் மரத்தில் அந்தக் குறையே நமக்குத் தேவையான குணம்.

மேட் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பளபளப்பான பரப்பு ஒளியைச் சிதறவிடாமல் நிறத்தை ஆழமாக்கிக் காட்டும். மேட் பூச்சிலுள்ள நுண்ணிய சிலிக்கா மேற்பரப்பிலேயே கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கும். மரம் இழந்த சிதறலில் ஒரு பகுதி அப்படித் திரும்பக் கிடைக்கிறது.

நனைந்த நிறமே பிடிக்காதவருக்கு

டர்பன்டைன் துடைத்துப் பார்த்து, “இதுவே எனக்கு அதிகம், வெறும் மரமாகத்தான் தெரிய வேண்டும்” என்பவர்களுக்கு இரண்டு வழிகள்.

ஒன்று, பூச்சிலேயே கடுகளவு வெள்ளை நிறமி கலந்து, கருப்பதை ஈடுகட்டுவது. ஐரோப்பாவிலிருந்து வரும் மெழுகெண்ணெய்களில் (உலரும் எண்ணெயில் மெழுகு கலந்த பூச்சு) இதற்கென்றே வகைகள் உண்டு. ஜெர்மனியின் ஆஸ்மோ நிறுவனம் விற்கும் 3044 என்ற ‘ரா’ வகை அப்படிப்பட்டது. மேப்பிள், பீச் போன்று நுண்துளை உள்ள மரங்களில் இது கண்ணுக்கே தெரியாமல் வேலை செய்யும். ஆஷிலும் ரப்பர் மரத்திலும் துளைகள் பெரியவை, நிறமி அவற்றில் தங்கி வெள்ளைக் கோடுகளாக நிற்கலாம். முதல் பூச்சுக்கு மட்டும் வெள்ளை கலந்த வகையை மெல்லியதாகத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே சாதாரணத் தெளிவு வகையைப் பூசுவது பாதுகாப்பு. இரண்டு முறையும் வெள்ளையே பூசினால் மரம் சுண்ணாம்பு அடித்ததாகிவிடும்.

இன்னொன்று சோப்பு. டென்மார்க்கில் பீச், ஆஷ், ஓக் மேசை நாற்காலிகளுக்கு நிறமும் மணமும் சேர்க்காத சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்துத் தேய்ப்பது பழைய வழக்கம். ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த ‘ஒய்’ நாற்காலி இன்றும் சோப்புப் பூச்சில் விற்பனைக்கு வருகிறது. மரம் வெளுத்தே நிற்கும், தொட்டால் பட்டுப்போல் இருக்கும். ஆனால் அது பாதுகாப்பு என்ற பேருக்குத்தான். ஆண்டுக்குச் சில முறை திரும்பத் தேய்க்க வேண்டும். சாம்பாரும் ரசமும் சிந்தும் மேசையில் மஞ்சள் கறை முதல் நாளே உட்கார்ந்துவிடும். மஞ்சள்தூள் கறை வெயிலில் வெளுக்கும் என்பது உண்மைதான், அதற்காக மேசையை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. புத்தக அலமாரிக்கும் கட்டில் தலைப்பலகைக்கும் வேண்டுமானால் சோப்பு சரி.

வெளிச்சத்தை எதிர்த்து எவ்வளவு நிற்கும்?

மூன்றாவது மாற்றம் மரத்துடையது. மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதைந்து, மஞ்சள் நிறப் பொருள்களாக மாறுகிறது. பழைய செய்தித்தாள் பழுப்பேறுவது இதே லிக்னினால்தான். ஜன்னல் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத் தடுக்கும். மீதி உள்ளே வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஊதா, நீலப் பகுதிகளும் இந்த வேலையைச் செய்யும். புற ஊதாவை உறிஞ்சும் சேர்மானம் உள்ள பூச்சு வாங்கினால் மாற்றம் தாமதமாகும், அறவே நிற்காது. ‘நிறம் மாறவே மாறாது’ என்று விளம்பரம் சொன்னால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எல்லா மரமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மேப்பிளும் ஆஷும் பீச்சும் மெல்ல மஞ்சளிக்கும். ரப்பர் மரம் வைக்கோல் நிறத்துக்கு நகரும். வால்நட் இதற்கு நேர்மாறாக வெளுக்கும். நம் பலா அறுத்தவுடன் எலுமிச்சை மஞ்சளாக இருந்து, ஆண்டுகள் ஓட ஓடச் செம்பழுப்பாகும். தஞ்சாவூர் வீணையின் பலா மரத்தில் பார்ப்பது அந்த முதிர்ந்த நிறத்தைத்தான். பலாவின் புது மஞ்சளைப் பிடித்து வைக்க எந்தப் பூச்சாலும் ஆகாது. அந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் வேறு மரம் பார்க்கச் சொல்வேன்.

பூசும்போது கவனிக்க வேண்டியவை

பாலிஷ் போடுபவரிடம் வேலையைக் கொடுப்பதானால் இரண்டு விஷயங்களை முதலிலேயே பேசிவிடுங்கள். மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கோத்து ஒட்டிய பலகையில் துண்டுக்குத் துண்டு நிறம் வேறுபடுவதை மறைக்க, ஒரு துளி தேக்கு நிறம் சேர்த்துச் சமன் செய்வது பலரின் கைப்பழக்கம். அவர்கள் கணக்கில் அது நல்ல வேலை. அடுத்தது சீலர். மேலே எவ்வளவு விலையுயர்ந்த மஞ்சளாகாத பியுவைத் தெளித்தாலும், அடியில் நைட்ரோ செல்லுலோஸ் சீலர் இருந்தால் அது மஞ்சளித்து மேலே தெரியும். பூச்சு உரிந்து வரவும் வாய்ப்புண்டு. மேல்பூச்சு எந்த வகையோ அதே வகைச் சீலர்தான், அதே நிறுவனத்தின் சீலராக இருந்தால் இன்னும் நல்லது.

நீங்களே பூசுவதானால், 180 எண் உப்புத்தாளில் தேய்த்து முடித்ததும் மரத்தை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். நார்கள் எழும்பிச் சொரசொரப்பாகும். 220 எண் தாளால் அந்தச் சொரசொரப்பை மட்டும் மெல்லத் தட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் நீர் சார்ந்த பூச்சை அடித்தால் முதல் பூச்சிலேயே நார் எழும்பி நிற்கும். பூச்சுகளுக்கு இடையே தேய்க்க இரும்புப் பஞ்சு (ஸ்டீல் வுல்) வேண்டாம். ஒரு நுண்துகள் மாட்டிக்கொண்டால் துருப்புள்ளி விழும். ஓக் போன்ற துவர்ப்பு மிகுந்த மரத்தில் அது கருநீலக் கறையாகவே ஆகும். கை வியர்வையும் வெளிர் மரத்தில் தடம் பதிக்கும் என்பதால் கடைசித் தேய்ப்புக்குப் பிறகு பலகையை வெறுங்கையால் தூக்காதீர்கள்.

மெல்லிய மூன்று பூச்சுகள் போதும். தடித்த ஒரு பூச்சு நீலம் பாய்ந்த மூட்டமாகத் தெரியும். மழைக்காலத்தில் ஒவ்வொரு பூச்சுக்கும் டப்பாவில் எழுதியதைவிடக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். ஈரக் காற்றில் லேக்கர் தெளித்தால் வெள்ளைப் புகைபோல் மூட்டம் படிவதை ஐப்பசி, கார்த்திகையில் வேலை செய்த எவரும் பார்த்திருப்பார்கள். நீர் சார்ந்த பூச்சு தொடுவதற்குச் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். முழு உறுதி பெற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை சூடான பாத்திரமும் ஈரத்துணியும் அதன்மேல் வேண்டாம்.

எண்ணெயோ மெழுகெண்ணெயோ பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. உலரும் எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் வெளிப்படும். குவியலுக்குள் அந்த வெப்பம் தேங்கித் துணி தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் அமிழ்த்துங்கள்.

எந்தப் பூச்சானாலும் மேசைக்கு வெட்டிய அதே பலகையின் மிச்சத்துண்டில் முதலில் பார்க்க வேண்டும். கடையில் காட்டும் மாதிரித் துண்டு வேறு மரம், வேறு தேய்ப்பு. மிச்சத்துண்டை மேசைக்குத் தேய்த்த அதே உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டுநாடாவால் பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டையை வெறுமையாக விட்டு, மற்றவற்றில் நீங்கள் யோசிக்கும் பூச்சுகளை முழு மூன்று முறையும் பூசுங்கள். பிறகு எல்லாப் பட்டைகளிலும் குறுக்கே பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலோரம் சில வாரம் வையுங்கள். அட்டையை எடுக்கும்போது மூடிய பகுதி பூச்சு செய்த மாற்றத்தைக் காட்டும். திறந்த பகுதி அதோடு வெளிச்சம் செய்ததையும் காட்டும். வெறும் பட்டையின் திறந்த பகுதிதான் பூச்சே இல்லாமல் மரம் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு அளவுகோல்.

மேசை புழக்கத்துக்கு வந்த பிறகு முதல் சில மாதங்களுக்கு விரிப்பு, பூச்சாடி, பழக்கூடை எதையும் ஒரே இடத்தில் விட்டுவைக்காமல் நகர்த்திக்கொண்டிருங்கள். வெளிச்சத்தால் வரும் மாற்றம் தொடக்கத்தில்தான் வேகமாக இருக்கும். அப்போது ஒரே இடத்தில் கிடந்த பொருளின் வடிவம் வெளிர்த் தழும்பாகப் பதிந்துவிட்டால், மறைய நெடுநாளாகும்.